சான்றும் சாட்சியும்: உலக உயிர்ம வேளாண் இயக்கத்தின் விதிகளும் குரலும்



தம் உழைப்பில் சேர்த்த பொருளை நிலத்தின் நலம் பற்றிய சிந்தனைக்கென எழுதிவைத்துச் சென்ற ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அந்தப் பொருளுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற அச்சத்தோடுதான் இங்கே நிற்கிறேன். எருவைப் பற்றியும் பயிரைப் பற்றியும் பேச என்னைவிடத் தகுதி உடையவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். கடையில் ஓர் அரிசிப் பையின் மேல் பச்சை முத்திரை ஒன்று இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? அதன் பின்னாலுள்ள விதியை எழுதியவர் யார்? யார் யாருக்குக் கொடுக்கும் வாக்கு அது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையடிவாரச் சிற்றூரில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எள் பயிரிடும் உழவர் குழு ஒன்றை ஆய்வு செய்ய இளைஞர் ஒருவர் வந்திருந்தார். குழுவுக்குப் பதிவேடு எழுதித் தரும் வேலையில் நான் கூடப் போயிருந்தேன். முதிய அம்மா ஒருவரிடம் ஆய்வாளர், "விதை எங்கேம்மா வாங்குனீங்க? ரசீது இருக்கா?" என்று கேட்டார். "விதைய எதுக்குத் தம்பி வாங்கணும்? எங்க மாமியார் காலத்துல இருந்து இந்தக் கலயத்துலதான் இருக்கு" என்றார் அந்த அம்மா. ஆய்வாளர் நல்லவர். ஆனால் அவர் கையிலிருந்த படிவத்தில் கலயத்துக்குக் கட்டம் இல்லை. பேனா நின்றுவிட்டது. அப்போது பக்கத்து வீட்டுப் பெண் முன்னால் வந்து, "போன வருசம் என்கிட்ட விதை இல்லாதப்ப இதே கலயத்துல இருந்துதான் ரெண்டு படி அளந்து குடுத்தாங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

சான்று என்ற சொல்லுக்கு நம் மொழியில் சாட்சி என்றும் பொருள் உண்டு. தாளுக்கு முன்னால் ஆள் இருக்கிறார் என்பதை அன்று கண்ணால் கண்டேன். இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான். உலக உயிர்ம வேளாண் இயக்கம் சாட்சியில் பிறந்து சான்றிதழில் வளர்ந்தது. சான்றிதழ் வேண்டும். ஆனால் சாட்சி இல்லாத சான்றிதழுக்கு உயிர் இல்லை. அந்தச் சாட்சியில் விளைவிப்பவரோடு உண்பவருக்கும் பங்கு உண்டு.

சொல்லும் பொருளும்

தமிழில் இதற்கு இயற்கை வேளாண்மை, அங்கக வேளாண்மை, கரிம வேளாண்மை, உயிர்ம வேளாண்மை என்று பல பெயர்கள் வழங்குகின்றன. 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கைக்கு உயிர்ம வேளாண்மைக் கொள்கை என்று பெயர். இந்தச் சொல் மூலத்தின் கருத்துக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். 1940-இல் வெளிவந்த 'லுக் டு தி லேண்ட்' என்ற நூலில் ஆங்கிலேயப் பிரபுவான நார்த்போர்ன், பண்ணையை ஓர் உயிரியாகப் பார்த்தார். மண், பயிர், மாடு, மனிதர் எல்லாம் ஓர் உடலின் உறுப்புகள். ஒன்று நலிந்தால் மற்றதும் நலியும். இந்தப் பார்வையிலிருந்துதான் ஆர்கானிக் ஃபார்மிங் என்ற பெயர் கிளைத்தது. வேதியியலில் கரிமச் சேர்மங்களைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் அதுவே என்பதால் பொருள் குழம்பிப்போகிறது. கரிமம் என்று பெயர்த்தால் நமக்குக் கிடைப்பது ஒரு தனிமம். உயிர்மம் என்று பெயர்த்தால் ஒரு முழு உடல். இந்த உரையில் உயிர்மம் என்றே சொல்லப்போகிறேன்.

வேர்கள்

இந்த இயக்கம் மேற்கே பிறந்து நமக்கு இறக்குமதியானது என்று எண்ணுவோர் உண்டு. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற தாவரவியலாளர் 1905-இல் பீகாரின் பூசாவுக்கு அரசின் பொருளாதாரத் தாவரவியலாளராக வந்தார். உழவர்களுக்குக் கற்பிக்க வந்தவர், அவர்களிடம் கற்கத் தொடங்கினார். இந்திய உழவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தம் பேராசிரியர்கள் என்றே பின்னாளில் குறிப்பிட்டார். பிறகு இந்தூரில் ஆய்வு நிலையம் நிறுவி, பயிர்க்கழிவு, சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, இடையிடையே புரட்டிவிட்டு மட்கு ஆக்கும் முறையை வகுத்தார். உலகம் அதை இன்றும் இந்தூர் முறை என்றே அழைக்கிறது. அந்த முறையை விளக்கி 1931-இல் வந்த நூலில் ஹோவார்டோடு யஷ்வந்த் வாட் என்ற இந்தியரின் பெயரும் இருக்கிறது. 1940-இல் ஹோவார்டு எழுதிய 'அன் அக்ரிகல்ச்சுரல் டெஸ்டமென்ட்' இந்த இயக்கத்தின் மூல நூல்களில் ஒன்று.

நம் மண்ணுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. நீலகிரியின் குன்னூரில் உணவூட்ட ஆய்வகம் நடத்தியவர் ராபர்ட் மெக்கரிசன். எருவிட்டு விளைந்த தானியத்துக்கும் இரசாயன உரமிட்டு விளைந்ததற்கும் ஊட்டத்தில் வேறுபாடு உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் விசுவநாத்தோடு சேர்ந்து 1926-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இங்கிலாந்தில் மண் பற்றி எழுதியவர்கள் மெக்கரிசனின் பணியை எடுத்தாண்டார்கள். ஊட்டத்தின் அளவு குறித்த விவாதம் அறிவியலாரிடையே இன்னும் முடியவில்லை. ஆனால் மண்ணின் நலத்தையும் உண்பவரின் நலத்தையும் ஒரே கேள்வியாகக் கேட்ட தொடக்கங்களில் ஒன்று குன்னூருக்கும் கோவைக்கும் இடையே நடந்தது.

இதே காலத்தில் மற்ற வேர்களும் இறங்கின. 1924 ஜூனில், இன்று போலந்தில் உள்ள கோபர்விட்ஸ் என்ற ஊரில் மெய்யியலாளர் ருடால்ஃப் ஸ்டெய்னர் உழவர்களுக்கு எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். உயிராற்றல் வேளாண்மை அதிலிருந்து பிறந்தது. அதன் விளைபொருளுக்கான டிமீட்டர் முத்திரை 1928-இல் வந்தது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஈவ் பால்ஃபர் என்ற பெண்மணி 1939-இல் ஹாலி என்ற ஊரில் பண்ணைகளை அருகருகே வைத்து ஒப்பிடும் நெடுங்காலச் சோதனையைத் தொடங்கினார். 1943-இல் 'தி லிவிங் சாயில்' என்ற நூலை எழுதினார். 1946-இல் சாயில் அசோசியேஷன் என்ற மண் சங்கம் உருவாயிற்று. அமெரிக்காவில் பதிப்பாளர் ரோடேல் 1942-இல் உயிர்ம வேளாண்மைக்கென இதழ் தொடங்கினார். 1962-இல் ரேச்சல் கார்சனின் 'சைலண்ட் ஸ்பிரிங்' பூச்சிக்கொல்லி நஞ்சைப் பற்றி ஊர் அறியப் பேசியது.

இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஒவ்வொருவரும் தம் நிலத்தில் தனியே நின்று, தாம் கண்டதைச் சொன்னவர்கள். இயக்கத்தின் முதல் சாட்சிகள் இவர்களே.

வெர்சேல், 1972

பிரான்சின் நாத்தூர் ஏ ப்ரோக்ரே என்ற உழவர்–நுகர்வோர் சங்கத்தின் அன்றைய தலைவர் ரோலாண் ஷெவ்ரியோ. சிதறிக் கிடக்கும் இந்த முயற்சிகளில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் அறிய வேண்டும் என்று அவர் கருதினார். அவர் அழைப்பின் பேரில் 1972 நவம்பர் 5 அன்று வெர்சேல் நகரில் ஒரு கூட்டமைப்பு பிறந்தது. உயிர்ம வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு என்பது அதன் பெயர்; சுருக்கமாக ஐஃபோம். பிரான்சு, பிரிட்டன், சுவீடன், தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளிலிருந்து 5 அமைப்புகள் மட்டுமே தொடக்கத்தில் இருந்தன. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்பினர்கள் உண்டு. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. 2017-இல் உலக உயிர்ம வேளாண் மாநாடு தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் நடந்தது.

அந்தக் கூட்டமைப்பின் பெயரில் இயக்கங்கள் என்ற சொல் பன்மையில் இருந்ததை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஒரே தலைமை, ஒரே நூல், ஒரே முறை என்று அவர்கள் வகுக்கவில்லை. ஸ்டெய்னரைப் பின்பற்றியவர்களும் அவரை ஏற்காதவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பின்னாளில் நெடிய கலந்துரையாடலுக்குப் பிறகு, 2005-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நான்கு நெறிகளை ஏற்றுக்கொண்டார்கள்: நலம், சூழலியல், நேர்மை, கரிசனம். இவற்றில் மூன்றாவதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். மண்ணுக்கு நஞ்சிடாமல் விளைவித்து, விளைவித்தவரின் கூலியில் கைவைத்தால் அது உயிர்ம வேளாண்மை ஆகாது. இதை இயக்கமே தன் நெறியாக எழுதிவைத்திருக்கிறது.

சொல்லுக்கு ஒரு வேலி

நல்ல சொல்லுக்குச் சந்தையில் விலை வந்தவுடன் போலி பின்னாலேயே வந்துவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்தது. நகரத்து அங்காடியில் வாங்குபவருக்கு உழவரின் முகம் தெரியாது. உழவருக்கும் வாங்குபவரைத் தெரியாது. இடையில் இருந்த தூரத்தில் பொய் புகுந்தது. அதைத் தடுக்கவே தரநிலை எழுதினார்கள். பிரிட்டனின் சாயில் அசோசியேஷன் 1967-இல் தன் முதல் தரநிலையை எழுதியது. கலிஃபோர்னியாவில் உழவர்கள் 1973-இல் தாங்களே கூடித் தங்களுக்குச் சான்றளிக்கும் சங்கம் அமைத்தார்கள். 1980-இல் ஐஃபோம் தன் அடிப்படைத் தரநிலைகளை வெளியிட்டது.

தொடக்க விதிகளை எழுதியவர்கள் அந்த விதிப்படி உழுதவர்களும் அவர்களோடு நின்றவர்களும்தான். அரசுகள் பின்னால் வந்தன. அமெரிக்கா 1990-இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் விதி 1991-இல் வந்தது. உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 1999-இல் வழிகாட்டுதல்களை ஏற்றது. இந்தியாவில் தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டம் 2000-இல் தொடங்கியது. வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா அதைச் செயல்படுத்துகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசே ஒரு சான்றளிப்புத் துறையை நடத்துகிறது.

இந்த விதிகள் கேட்பது என்ன? இரசாயன உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் கூடாது. மரபணு மாற்றிய விதை கூடாது. பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றிலும் நீரிலும் வராதபடி இடைவெளியோ வேலியோ வேண்டும். அறுவடையும் சேமிப்பும் மற்ற விளைச்சலோடு கலக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். இவற்றுக்கும் மேலாக மாற்றக் காலம் என்று ஒன்று உண்டு. நம் நாட்டு விதிப்படி ஓராண்டுப் பயிருக்குப் பொதுவாக 2 ஆண்டு, நீண்டகாலப் பயிருக்கு 3 ஆண்டு. அதுவரை உழவர் எல்லா விதியையும் கடைப்பிடிக்க வேண்டும். ஆனால் உயிர்மம் என்ற பெயரில் விற்க முடியாது. நிலம் தன் நிலைக்குத் திரும்பக் காலம் எடுக்கும் என்பதை ஒப்புக்கொள்ளும் விதி இது. அந்த இரண்டு மூன்று ஆண்டு இழப்பை உழவர் ஒருவரே தாங்குகிறார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஒரு விளக்கம். இந்தச் சான்று, பையிலிருக்கும் பொருளில் அணுவளவும் நஞ்சில்லை என்று சொல்வதில்லை. இந்தப் பொருள் இன்ன முறையில் விளைந்தது என்று சொல்கிறது. ஆய்வகச் சோதனை அதற்குத் துணை மட்டுமே. ஆண்டு முழுவதும் ஒரு நிலத்தில் என்ன நடந்தது என்பதை ஆண்டுக்கு ஒரு நாள் வரும் ஆய்வாளர் முழுமையாக அறிய முடியாது. அன்றாடம் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் அண்டை வயல்காரர்தான் அவர்.

குரல் கொடுத்தவர்கள்

விதி ஏட்டில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

1997 டிசம்பரில் அமெரிக்க வேளாண் துறை தன் உயிர்ம விதியின் முதல் வரைவை வெளியிட்டது. மரபணு மாற்றிய பயிர், உணவைக் கதிர்வீச்சால் பதப்படுத்துதல், நகரச் சாக்கடைக் கசடை உரமாக இடுதல் ஆகிய மூன்றுக்கும் அந்த வரைவு கதவைத் திறந்தே வைத்திருந்தது. இயக்கம் விழித்துக்கொண்டது. கடைகளில், பண்ணைகளில், உணவுக் கூட்டுறவுகளில் கடிதம் எழுதச் சொல்லி மக்களைத் திரட்டினார்கள். 2,75,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் அந்தத் துறைக்குப் போய்ச் சேர்ந்தன. அரசு வரைவைத் திரும்பப் பெற்றது. 2000-இல் வந்த இறுதி விதி மூன்றையும் விலக்கியது. 2002 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் உண்பவர்கள். உழவரின் விதியைக் காக்க உண்பவர் எழுந்து நின்ற நிகழ்ச்சி இது.

அடுத்தது நம் வாசலில் நிற்கும் வேம்பின் கதை. வேப்ப எண்ணெயைக் கொண்டு பயிரில் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. பெற்றவர்கள் அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும். 1995-இல் மூன்று தரப்பினர் எதிர்த்து மனு செய்தார்கள்: இந்தியச் சூழலியல் செயல்பாட்டாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்டா ஆல்வோட், மூன்றாவதாக ஐஃபோம் கூட்டமைப்பு. வேப்பம் புண்ணாக்கையும் வேப்பெண்ணெயையும் பாட்டன் காலத்திலிருந்து பயன்படுத்துகிறோம் என்று நமக்குத் தெரியும். நமக்குத் தெரிந்ததை மியூனிக் நகரத்து விசாரணை அறையில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. காப்புரிமைக்கு முன்பே, 1980-களின் நடுவில், இந்திய வயல்களில் இதைச் சோதித்துப் பார்த்த ஓர் இந்தியத் தொழிற்சாலை மேலாளர் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். 2000 மே மாதம் காப்புரிமை இரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது. பத்து ஆண்டு வழக்கு அது. அங்கேயும் தாளை எதிர்த்து நின்று வென்றது சாட்சிதான்.

சான்றின் சுமை

இனி மனத்தை வருத்தும் பகுதிக்கு வருகிறேன்.

சுவிட்சர்லாந்தின் உயிர்ம வேளாண் ஆய்வு நிறுவனமும் ஐஃபோமும் ஆண்டுதோறும் உலகக் கணக்கு வெளியிடுகின்றன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 9.6 கோடி ஹெக்டேர் நிலம் உயிர்ம வேளாண்மையில் இருந்தது. இது உலக விளைநிலத்தில் 2 விழுக்காட்டை ஒட்டியது. அதில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில் உள்ளது. பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். உழவர்களின் எண்ணிக்கையோ சுமார் 45 லட்சம். அதில் பாதிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 25 லட்சம் பேர், இந்தியர்கள். உலகச் சந்தையின் மதிப்பு சுமார் 13,500 கோடி யூரோ. அதன் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் விற்பனை.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். விளைவிக்கும் கைகளில் பாதி இங்கே இருக்கிறது. விற்பனையின் பெரும்பகுதி அங்கே நடக்கிறது. ஏற்றுமதிப் பொருளுக்கான விதியும் பெரும்பாலும் வாங்கும் நாட்டின் விதியே.

ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகச் சான்று பெறுவது இயலாத காரியம். அதனால்தான் குழுச் சான்று முறை வந்தது. மெக்சிகோவின் ஒவாஹாகா மலைப்பகுதியில் காப்பி பயிரிட்ட பழங்குடி உழவர்களின் கூட்டுறவுகள் போன்றவை அதற்கு வழிகாட்டின. குழு தனக்குள்ளேயே கண்காணிப்பு வைத்துக்கொள்ளும். வெளியார் வந்து அந்தக் கண்காணிப்பு சரியாக நடக்கிறதா என்று மாதிரிக்குச் சிலரைப் பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நடைமுறையில் பல இடங்களில் குழுவை நடத்துவது வணிக நிறுவனம். சான்றிதழ் அதன் கையில். உழவர் வேறு ஒருவருக்கு விற்க நினைத்தால் அந்தச் சான்று அவரோடு வராது. நான் பழகிய குழு ஒன்றில், மூன்று ஆண்டு விதி காத்து, நான்காம் ஆண்டு விலை படியாமல் வெளியே வந்தவர்கள், சந்தையில் வெறும் எள்ளாகவே தங்கள் எள்ளை விற்றார்கள். நிலம் அதே நிலம். விளைச்சல் அதே விளைச்சல். தாள் மட்டும் வேறொருவர் பெட்டியில் இருந்தது.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி, உழவர் குழு சட்டப்படி பதிவுபெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், ஒரு குழுவில் 2,000 பேருக்கு மேல் கூடாது என்கிறது. ஆண்டுதோறும் குறைந்தது 5 விழுக்காட்டு உறுப்பினர்களை வெளி ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. போலிகளைத் தடுக்க இறுக்கம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. குழு உழவர்களின் சொந்த அமைப்பாக மாறினால் அது நன்மையாகவும் முடியலாம். ஆனால் கூடும் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு செலவு உண்டு. அந்தச் செலவு கீழே இறங்கி இறங்கி ஏக்கர்க்காரர் தலையில் வந்து நிற்கிறது.

அடிப்படையான ஓர் அநீதி இதில் இருக்கிறது. நிலத்தில் நஞ்சைத் தெளிப்பவர் யாருக்கும் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தெளிக்காதவர்தான் பணம் கட்டி, ஏடு எழுதி, தாம் குற்றமற்றவர் என்று ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும். நேர்மை என்ற மூன்றாம் நெறி முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இதுவே.

அண்டை அயலாரின் சாட்சி

விடைக்கான தேடலும் இயக்கத்துக்குள்ளிருந்தே வந்தது. ஜப்பானில் 1970-களில் இல்லத்தரசிகளும் உழவர்களும் நேரடியாக உடன்படிக்கை செய்துகொண்ட தெய்க்கெய் முறை அதற்கு ஒரு முன்னோடி. அங்கே முத்திரை இல்லை. வீட்டார் பண்ணைக்குப் போய்க் களை எடுத்தார்கள், உழவர் அவர்கள் வீட்டுக்குக் காய்கறி கொண்டுவந்தார். தெற்கு பிரேசிலில் எக்கோவீதா வலையமைப்பு, உழவரும் நுகர்வோரும் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று கூறும் முறையை வளர்த்தது. 2004-இல் அந்நாட்டின் தோரஸ் நகரில் பல நாட்டினர் கூடி, இத்தகைய முயற்சிகளுக்குப் பங்கேற்பு உத்தரவாத முறை என்ற பொதுப் பெயரில் வடிவம் கொடுத்தார்கள். பிரேசிலின் சட்டம் இந்த முறையை ஏற்றது.

இந்தியாவிலும் இதற்கு அரசுத் திட்டம் இருக்கிறது. குறைந்தது 5 உழவர்கள் சேர்ந்து குழு அமைக்கலாம். உறுதிமொழி எடுத்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து, கூட்டத்தில் அமர்ந்து முடிவு செய்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாயால் சொல்லலாம், மற்றவர் எழுதிக்கொள்வார். ஒருவர் தவறினால் குழுவின் பெயர் கெடும் என்பதால், அதில் கண்காணிப்பும் அக்கறையும் ஒன்றாகவே நடக்கின்றன. உள்நாட்டுச் சந்தைக்கு இந்தச் சான்று செல்லும். சிறிய உழவர் நேரடியாக உண்பவருக்கு விற்கும்போது சான்றிலிருந்து விலக்கு உண்டு என்று 2017-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதியும் சொல்கிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. உறவும் பகையும் ஊரில் உண்டு. தாட்சணியம் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வதும் உண்டு. அதற்கு மருந்து உண்பவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்காருவதுதான். நகரத்திலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை பத்துக் குடும்பங்கள் வயலுக்கு வந்தால், எந்தப் பதிவேடும் தர முடியாத காவல் அது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1972-இல் வெர்சேலுக்கு எல்லோரையும் அழைத்த நாத்தூர் ஏ ப்ரோக்ரே சங்கம், இன்றும் தன் உறுப்பினர்களுக்குப் பங்கேற்பு முறையிலேயே சான்று வழங்குகிறது. அந்தச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பியச் சட்டப்படி உயிர்மம் என்ற சொல்லைப் பொருளின் மேல் அச்சிட முடியாது. இந்தச் சொல்லை ஊர் அறியச் செய்தவர்களின் வழி, அந்தச் சொல்லுக்கு எழுப்பிய வேலிக்கு வெளியே நிற்கிறது. வேலி பயிரைக் காக்கத்தான். பயிரிட்டவரையே அது வெளியில் நிறுத்தினால், வேலியைத் திருத்திக் கட்ட வேண்டும்.

இரண்டு பாடங்கள்

அரசுகள் இந்த வழியில் நடக்கும்போது காலத்தை மதிக்க வேண்டும் என்பதற்கு நம் அருகிலேயே இரண்டு பாடங்கள் உள்ளன.

சிக்கிம் மாநிலம் 2003-இல் உயிர்ம மாநிலமாவது என்று முடிவெடுத்தது. இரசாயன உரத்துக்கான மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தது. உழவர்களுக்குப் பயிற்சி அளித்தது. 2010-இல் தனி இயக்கம் தொடங்கியது. 2016 ஜனவரியில், சுமார் 75,000 ஹெக்டேர் நிலத்தோடு, நாட்டின் முதல் முழு உயிர்ம மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 13 ஆண்டுப் பயணம் அது. சந்தை, போக்குவரத்து ஆகிய சிக்கல்கள் அங்கே இன்னும் உண்டு; ஆனால் நிலத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

இலங்கை அரசு 2021 மே மாதம் இரசாயன உரங்கள், வேளாண் இரசாயனங்களின் இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு அதன் பின்னணியில் இருந்தது. மட்கு உரம் போதிய அளவில் ஆயத்தமாக இல்லை, பயிற்சி இல்லை, மாற்றக் காலம் என்ற எண்ணமே இல்லை. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் அந்தப் பெரும்போகப் பருவத்தின் நெல் விளைச்சல் பெருமளவு சரிந்தது. அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. வன்னியின் நெல் உழவரும் மலையகத்துத் தேயிலைத் தொழிலாளரும் அந்தச் சுமையைச் சுமந்தார்கள். இதை உயிர்ம வேளாண்மையின் தோல்வி என்று எழுதுவோர், அந்த இயக்கத்தின் எந்தத் தரநிலையைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படும் மாற்றக் காலம் என்ற பகுதியைப் படிக்கவில்லை. உழவரைக் கேட்காமல் உழவர் மேல் ஏற்றிய எந்த நன்மையும் நிலைக்காது என்பதே அங்கே கிடைத்த பாடம்.

நிறைவாக

அறிஞர்களே, மாணவர்களே, மூன்று வேண்டுகோள்களை இந்த அவையில் வைத்து முடிக்கிறேன்.

முதல் வேண்டுகோள் அரசுக்கு. மாற்றக் காலத்தின் 2, 3 ஆண்டு இழப்பைச் சிறு உழவர் தனியே தாங்கும் நிலையை மாற்றுங்கள். சான்றிதழ் உழவர் அமைப்பின் கையிலேயே இருக்கும்படி விதி செய்யுங்கள். பங்கேற்பு முறைச் சான்றைப் பள்ளிச் சத்துணவுக்கும் விடுதிகளுக்கும் கொள்முதல் செய்யும்போது ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கு. சான்றளிப்பின் சட்டமும் வரலாறும் தமிழில் பாடமாக வேண்டும். உலக மேடையில் விதி எழுதும் மேசைக்கு நம் உழவரின் அனுபவத்தோடு போய் உட்கார, அந்த விதிகளின் மொழியும் இந்த மண்ணும் அறிந்த இளைஞர்கள் வேண்டும். உலகின் உயிர்ம உழவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கொண்ட நாடு, பிறர் எழுதிய படிவத்தை நிரப்பும் நாடாக மட்டும் இருக்கக் கூடாது.

மூன்றாவது, உண்ணும் நம் அனைவருக்கும். பச்சை முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அது ஒரு தொடக்கம். அதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சோற்றை விளைவிக்கும் ஒரு குடும்பத்தையாவது பெயர் சொல்லி அறிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு நாளாவது அந்த வரப்பில் நடந்து பாருங்கள்.

அந்த மலையடிவாரத்து அம்மாவின் கலயத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் "நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்று முன்னால் வந்ததால்தான் அது ஏட்டில் ஏறியது. அப்படி முன்னால் வந்து சொல்பவர்களாக நாம் ஒவ்வொருவரும் ஆக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.